சைக்கிள் ஷூ நாற்றம்: எந்த வாடைக்கு எந்த வைத்தியம்

ஆடி மாதத்தில் செங்கோட்டையிலிருந்து கிளம்பி, புளியரை ஏற்றம் ஏறி, ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரை மிதித்துவிட்டுத் திரும்பினால் ஷூ ஒரே காலையில் இரண்டு காலநிலையைப் பார்த்துவிடும். மலைக்கு மேற்கே பெய்கிற மழை காலில் வழிந்து சாக்ஸ் வழியாக உள்ளே இறங்கும். கிழக்கே இறங்கியதும் ஆடிக்காற்று மேல்துணியைக் காயவைத்துவிடும். குதிகாலைச் சுற்றியுள்ள பஞ்சு மட்டும் ஊறியே கிடக்கும். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பதால் ஷூ அப்படியே ஸ்டாண்டுக்குப் போகிறது. புதன்கிழமைக்குள் வீட்டில் யாராவது அதை வாசலுக்குத் தள்ளியிருப்பார்கள். கம்பம் – குமுளி, பொள்ளாச்சி – வாளையாறு பக்கம் ஓட்டுகிறவர்களுக்கும் இதே பாடுதான்.

சாதாரண ஓட்ட ஷூவைவிட சைக்கிள் ஷூ சீக்கிரம் நாறுவதற்குக் காரணம் அதன் கட்டுமானம். அடித்தகடு நைலான் அல்லது கார்பன். கீழிருந்து காற்று வராது. நடக்கும்போது பாதம் மடங்கி விரிந்து உள்காற்றை வெளியே தள்ளும்; மிதிக்கும்போது அது நடப்பதில்லை. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. வியர்வைக்கென்று பெரிய வாடை கிடையாது. அதையும் உதிர்ந்த தோலையும் தின்கிற பாக்டீரியா வெளியேற்றுவதுதான் நாறுகிறது. அவற்றுக்கு வேண்டியது ஈரமும் வெதுவெதுப்பும்.

நாற்றம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. புளிச்ச வாடை அமிலத்தால் வருவது. அதற்குக் காரம், அதாவது ஆப்பச்சோடா போல அமிலத்தை முறிக்கும் பொருள், வேண்டும். மூத்திர நெடியும் மீன் கவுச்சியும் காரத்தால் வருபவை. அவற்றுக்கு அமிலம் வேண்டும். பூசண வாடைக்கு இரண்டும் போதாது. மாற்றிப் போட்டால் பலன் இல்லை என்பது மட்டுமல்ல, சில சமயம் வாடை கூடவும் செய்யும். ‘ஆப்பச்சோடா போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை’ என்கிற புகார்களில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்தில் வருபவை.

முதலில் எங்கே நாறுகிறது என்று பாருங்கள்

ஷூவுக்குள் மூக்கை விட்டு மொத்தமாக மோந்தால் எதுவும் பிடிபடாது. பாதம் படும் உள்மெத்தையான இன்சோலை உருவி வெளியே எடுங்கள். பெரும்பாலானவை கையோடு வந்துவிடும். சிலவற்றில் குதிகால் பக்கம் ஒரு பொட்டு பசை இருக்கும், மெதுவாக நெம்பினால் விடும். இப்போது மூன்று இடங்களைத் தனித்தனியாக மோந்து பாருங்கள்: இன்சோலின் அடிப்பக்கம், குதிகாலைச் சுற்றியுள்ள பஞ்சு, கிளீட் (ஷூவைப் பெடலில் பூட்டும் அடித்துண்டு) மாட்டியிருக்கும் குழி. இன்சோலின் மேல்பக்கம் பளிச்சென்று இருந்தாலும் ஏமாற வேண்டாம். திருப்பிப் பார்த்தால் குதிகால் வட்டத்தில் கறுப்பாக, தொட்டால் வழுவழுவென்று ஒரு படலம் இருக்கும். அதை நகத்தால் சுரண்டி மோந்தால் எந்த வகை வாடை என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

குதிகால் பஞ்சைப் பரிசோதிக்க, ஒரு டிஷ்யூ காகிதத்தை நாலாக மடித்து அதன்மேல் வைத்து, கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். காகிதம் நனைந்தால் ஷூ இன்னும் காயவில்லை. காயாத ஷூவில் எந்த வைத்தியமும் நிற்காது.

புளிச்ச தயிர், பழைய சீஸ் போன்ற வாடை

இதுதான் அதிகம் வருவது. தோலில் இயல்பாகவே வாழ்கிற பாக்டீரியா, வியர்வையில் உள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோவாலரிக் அமிலமாக மாற்றுகிறது. சில வகைச் சீஸ்களின் வாடைக்கும் இதே அமிலம்தான் காரணம். தென்மலைப் பக்கம் ரப்பர் தோட்டங்களைத் தாண்டும்போது உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பால் குவித்திருக்கும் இடத்தில் அடிக்கிற நாற்றத்திலும் இதன் உறவுக்கார அமிலங்கள் உண்டு. அந்த இடத்தில் மட்டும் உங்கள் ஷூவைக் குறை சொல்லாதீர்கள்.

இன்சோலை முதலில் கழுவ வேண்டும். அழுக்குப் படலத்தின்மேல் சோடாவைத் தூவினால் மேலே உள்ள அமிலம் அடங்கும். அடியில் உற்பத்தி நடந்துகொண்டே இருக்கும். 2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 மில்லி, அதாவது 2 தேக்கரண்டி, திரவ டிடர்ஜென்ட் கலந்து, பழைய டூத்பிரஷால் இரண்டு பக்கமும் தேயுங்கள். சோப்புக்கட்டி வேண்டாம். சுரண்டை, ஆலங்குளம் பக்கத்து போர்த் தண்ணீர் போன்ற உப்புத்தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் திரியும். அது இன்சோலின் துளைகளில் படிந்து பாக்டீரியாவுக்கு மெத்தை போட்டுக் கொடுக்கும். போர்த் தண்ணீர்தான் கதி என்றால் கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள்.

கழுவிய இன்சோலை 1 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி ஆப்பச்சோடா கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், ஃபோம் உடைந்து வடிவம் கெடும். துண்டுக்குள் வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஈரத்தை எடுத்து நிழலில் காயவையுங்கள்.

ஷூவின் உட்பக்கத்தை ஈரத்துணியில் அதே டிடர்ஜென்ட் நீரைத் தொட்டுத் துடைத்து, மறுபடி வெறும் ஈரத்துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் ஒவ்வொரு ஷூவிலும் 2 தேக்கரண்டி உலர்ந்த ஆப்பச்சோடாவைத் தூவி ஆட்டி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தட்டிக் கொட்டிவிட்டு லேசான ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஈர ஷூவில் தூவினால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு, மிதிக்கும்போது மணல்போல உறுத்தும். தோல் ஷூவில் சோடா வேண்டாம். காரம் தோலை வறளவைத்து வெடிக்கச் செய்யும்.

சோடா வாடையை அடக்குமே தவிர பாக்டீரியாவை அதிகம் கொல்லாது. அதற்கு 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், மருந்துக்கடையில் கிடைக்கும். சோடாவைத் துடைத்தெடுத்த பின் உள்ளே முழுக்க நனையும்படி ஸ்ப்ரே செய்து, தானாகக் காயவிடுங்கள். நூறு சதவீத ஆல்கஹால் இதைவிட நல்லது என்று நினைக்க வேண்டாம். அது வேலை செய்வதற்குள் ஆவியாகிவிடும். பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக்கூடாது. மேல்பக்கம் பளபளப்புப் பூச்சு உள்ள ஷூ என்றால் முதலில் ஓர் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள்.

மூக்கில் ஏறும் நெடி, மூத்திர வாடை

இது அம்மோனியா. வியர்வையில் உள்ள யூரியாவை பாக்டீரியா உடைப்பதால் வரும். சாப்பாடு சரியாக இல்லாமல் மணிக்கணக்கில் மிதிக்கிறவர்களுக்கு வியர்வையிலேயே அம்மோனியா கூடும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் நெடி அடித்து, சிறிய ஓட்டங்களில் இல்லை என்றால், ஷூவோடு சேர்த்து வழியில் சாப்பிடும் வாழைப்பழத்தின் எண்ணிக்கையையும் பாருங்கள்.

இதற்கு ஆப்பச்சோடா எதிரி. காரத்தோடு காரம் சேர்ந்தால் அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். சமையல் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து இன்சோலை 15 நிமிடம் ஊறவையுங்கள். ஷூவின் உட்பக்கத்தை அதே கலவையில் நனைத்த துணியால் ஒற்றி, 15 நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கிளீட், போல்ட், ஷூவை இறுக்கும் டயலின் கம்பி எதிலும் வினிகர் தங்கக்கூடாது, துரு பிடிக்கும். வினிகர் வாடை காயக்காயப் போய்விடும்.

வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்து பொங்கவிடுகிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். முடிவில் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு உப்புத்தண்ணீர்தான் மிஞ்சும். இரண்டும் தேவை என்றால் ஒன்றை அலசிக் காயவைத்த பிறகு மற்றது. ஆனால் வினிகரோடு பிளீச்சிங் பவுடரோ குளோரின் பிளீச்சோ சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி நெஞ்சைப் பிடிக்கும்.

ஒரு ஷூவில் மட்டும் நெடி, அதுவும் திண்ணையில் வைத்திருந்தது என்றால் காரணம் பூனை. பூனை மூத்திரத்தில் உள்ள யூரிக் அமில உப்பு தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் கழுவினாலும் மழை ஈரம் பட்டதும் மீண்டும் எழும். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் திரவத்தைப் பாட்டிலில் சொன்னபடி ஊறவிட்டுப் பாருங்கள். ஃபோமுக்குள் இறங்கியிருந்தால் இன்சோலை மாற்றுவதே மலிவு. குளோரின் பிளீச் இங்கேயும் ஆகாது; மூத்திரத்தோடு சேர்ந்து நச்சுவாயு தரும்.

கவுச்சி வாடை, வெளிப்பக்கத்தில்

மலைப்பாதையில் மீன் வண்டி முன்னால் போனால் பனிக்கட்டி உருகிய தண்ணீர் ரோட்டில் ஒழுகிக்கொண்டே போகும். உங்கள் முன்சக்கரம் அதை அள்ளி நேராக ஷூவின் மூக்கில் அடிக்கும். கவுச்சிக்குக் காரணமான அமீன்கள் காரம் என்பதால் வினிகர் கலவையோ, அரை எலுமிச்சம்பழத்தை ஒரு கப் தண்ணீரில் பிழிந்ததோ போதும். வெளிப்பக்கத்தையும் வெல்க்ரோ பட்டையின் அடியையும் தேய்த்து அலசினால் அன்றைக்கே தீர்ந்துவிடும். மறுநாளைக்கு விட்டால் தையல் துளைகளில் இறங்கிவிடும். கோழி வண்டிக்குப் பின்னால் மாட்டியவர்களுக்கும் இதே முறைதான்.

மக்கின வாடை, வெள்ளை அல்லது பச்சைப் புள்ளிகள்

சாரல் மாதங்களில் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வீடுகளில் அலமாரி பெல்ட்டும் செருப்பும் பூப்பது தெரிந்த கதை. ஷூவும் அப்படித்தான். அட்டைப்பெட்டியில் மூடி வைத்திருந்தாலோ, மழையில் நனைந்ததை பாலிதீன் பையில் கட்டி வைத்திருந்தாலோ ஒரு வாரம் போதும்.

பூசணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள். மொட்டைமாடியில், மாஸ்க் கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷால் முதலில் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் வித்துக்கள் துணிக்குள் பரவும். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் பொதுவாகக் கிடைப்பது 6 சதவீதம்; லேபிளைப் பார்த்து, சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்குங்கள். உட்பக்கம், ஷூ நாக்கின் அடி, வெல்க்ரோவின் மடிப்பு என்று எல்லா இடமும் நனைய ஸ்ப்ரே செய்து 15 நிமிடம் விட்டுத் துடைத்து, மறுபடி ஒருமுறை. கறுப்பு ஷூவில் முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள், நிறம் வெளுக்கலாம். தோல் ஷூவுக்குப் பெராக்சைடை விட ஆல்கஹால் நல்லது. காய்ந்தபின் ஷூ கிரீம் தடவிவிடுங்கள், ஆல்கஹால் தோலின் எண்ணெயை எடுத்துவிடும்.

வாடை போனபின்னும் கறுப்புப் புள்ளிகள் நிற்கலாம். அது கறைதான், உயிரோடு இருக்கும் பூசணம் அல்ல. அதைப் போக்குகிறேன் என்று தேய்த்துத் துணியைக் கிழிக்க வேண்டாம்.

மக்கின வாடை மழை நாளில் மட்டும் வந்து, வெயில் அடித்தால் மறைகிறதா? அப்படியானால் குற்றவாளி பழைய வியர்வை உப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; நீங்கள் ஷூவைத் தொடாமல் வைத்திருந்தாலும் சாரல் நாளில் அது தானாகவே ஈரமாகும். வெள்ளைக் கோடுகள் மேல்துணியில் தெரிந்தால் அதுவே அடையாளம். மருந்து எதுவும் வேண்டாம், வெறும் நல்ல தண்ணீரில் நான்கைந்து முறை அலசினால் உப்பு கரைந்து போய்விடும்.

சாக்கடை, அழுகிய முட்டை வாடை

இன்சோல் சுத்தம், பஞ்சு சுத்தம், ஆனாலும் காலை வைத்து அழுத்தினால் சாக்கடை வாடை வருகிறது என்றால் இரண்டு போல்ட் கிளீட் உள்ள ஷூவா என்று பாருங்கள். மலைப்பாதை சைக்கிளுக்கும் நடந்து திரிவதற்குமான வகை இது. இதில் அடித்தகட்டில் நீளவாக்கில் திறந்த பள்ளங்கள் இருக்கும். அவற்றின் வழியே சேற்றுத்தண்ணீர் மேலே ஏறி, இன்சோலுக்கும் தகட்டுக்கும் நடுவே தேங்கும். காற்றுப் போகாத சேறு அழுகினால் கந்தக வாடைதான் வரும். இன்சோலைத் தூக்கிப் பார்த்தால் கிளீட்டுக்கு நேர் மேலே துருவும் சேறும் கலந்த பழுப்புக் குழம்பு தெரியும்.

கிளீட்டைக் கழற்றும் முன் அதன் ஓரத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். இதை விட்டுவிட்டால் திரும்ப மாட்டும்போது கோணம் மாறி, வாடை போனாலும் முழங்கால் வலி வந்து சேரும். போல்ட்டின் அறுகோணக் குழியில் அடைத்திருக்கும் மண்ணை ஊசியால் சுரண்டி எடுத்த பிறகே 4 மில்லிமீட்டர் அலன் கீயைச் செருகுங்கள். மண்ணோடு திருகினால் குழி வட்டமாகிவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். இறுகிப் போயிருந்தால் போல்ட்டைச் சுற்றி இரண்டு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

உள்ளே, போல்ட் திருகி இறுகும் மரைத்தகடு பெரும்பாலும் ஒட்டாமல் சும்மா கிடக்கும். ஷூவைக் கவிழ்த்தால் விழுந்து தொலையும், கையில் பிடித்துக்கொண்டு எடுங்கள். பள்ளத்தைப் பிரஷால் தேய்த்து, குழாய்த் தண்ணீரை அடியிலிருந்து உள்ளே அடித்துச் சேற்றை வெளியேற்றுங்கள். வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை விடாதீர்கள். காய்ந்ததும் பெராக்சைடு 3 சதவீதம் ஒரு முறை.

திரும்ப மாட்டும்போது உள்பக்கத்திலிருந்து பள்ளங்களை மூட வேண்டும். ஷூவோடு வந்த ஒட்டுத்தாள் பல பேர் பெட்டியிலேயே கிடக்கும், அது இதற்காகத்தான். தொலைந்திருந்தால் நல்ல டக்ட் டேப்பை இரண்டு அடுக்காக, மரைத்தகட்டின்மேல் ஒட்டி ஓரங்களை விரலால் அழுத்தித் தேயுங்கள். தகடு முழுக்கக் காய்ந்து, ஆல்கஹாலால் துடைத்த பின்னரே டேப் பிடிக்கும். போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். ரோடு ஷூக்களின் மூன்று போல்ட் கிளீட்டில் மரை தகட்டோடு பதித்திருக்கும். அடியிலிருந்து தண்ணீர் வருவது குறைவு. வாடை வேறெங்காவது இருக்கும், கிளீட்டை வீணாகக் கழற்ற வேண்டாம்.

செத்த வாடை

திடீரென்று ஒரே நாளில் வந்ததா? ஷூவின் மூக்குப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி, கரப்பான், சின்னத் தவளை. எடுத்துப் போட்டு, டிடர்ஜென்டில் கழுவி, பெராக்சைடு அடித்தால் முடிந்தது. மலையடிவாரத்து வீடுகளில் ஷூவை மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டுவது வாடைக்காக அல்ல, பூரானுக்காக.

புது ஷூவின் பசை நெடி

இது பாக்டீரியா இல்லை. பசையும் ரப்பரும் விடுகிற ஆவி. இன்சோலை எடுத்துவிட்டு, பட்டைகளைத் திறந்து, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் வையுங்கள். கழுவுவதோ சோடாவோ இதற்கு உதவாது. கொதிக்கிற வெயிலில் வைத்தால் நெடி சீக்கிரம் போகும், பசையும் கூடவே போகும்.

கழுவினால் போகிறது, அரை மணி மிதித்தால் திரும்புகிறது

காய்ந்த ஷூவில் வாடை இல்லை. கால் சூடும் ஈரமும் பட்டதும் கிளம்புகிறது. பாக்டீரியா சாகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். குதிகால் பஞ்சுக்குள்ளும் நாக்கின் ஃபோமுக்குள்ளும் அது பிசின் போன்ற படலம் கட்டி உட்கார்ந்திருக்கும். மேலே ஸ்ப்ரே செய்வது அங்கே எட்டாது.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை உண்டு. காய்ந்த ஷூவுக்குள் பிழிந்த ஈரத்துணி ஒன்றை வைத்து, பாலிதீன் பையில் கட்டி, ராத்திரி அறைக்குள் விடுங்கள். காலையில் பையைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தால் ஷூதான் காரணம். ஒன்றும் இல்லை என்றால் காலையும் சாக்ஸையும் பாருங்கள்.

ஷூதான் என்றால் ஆக்சிஜன் பிளீச் தூள், அதாவது சோடியம் பெர்கார்பனேட். வேனிஷ் போன்ற கறை நீக்கும் தூள்களில் இருப்பது இதுதான். லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி வீதம், 40 டிகிரி தண்ணீரில் கலக்கவும். கையை விட்டால் சூடு தெரிய வேண்டும், சுடக்கூடாது. கிளீட், உலோகக் கொக்கி ஆகியவற்றைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, செயற்கைத் துணி ஷூவை முழுதாக அமிழ்த்துங்கள். மிதக்கும், மேலே தண்ணீர் நிரம்பிய மக் ஒன்றைப் பாரமாக வையுங்கள். பஞ்சை விரலால் அழுத்தி அழுத்தி விட்டால் உள்ளிருந்து மஞ்சள் தண்ணீர் வருவதைப் பார்க்கலாம். அரை மணி நேரம் போதும், ஒரு மணிக்கு மேல் வேண்டாம். ரப்பர் கையுறை போடுங்கள், தோல் ஷூவுக்கு இது ஆகாது. கரைத்த மிச்சத்தை மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள்; வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். கலங்காத தண்ணீர் வரும்வரை, குறைந்தது மூன்று முறை அலசுங்கள்.

சாக்ஸ்தான் என்றால் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அதே கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். பாலியஸ்டர் சாக்ஸ் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொள்வதால் பருத்தியைவிட வாடையைத் தேக்கும். துணி மென்மையாக்கும் திரவம் சாக்ஸுக்கு வேண்டாம், நூலின்மேல் பூச்சாகப் படிந்து அடுத்த துவைப்பில் சோப்பு உள்ளே போகாமல் தடுக்கும்.

காலே நாறுகிறது

குளித்துவிட்டு வந்த அரை மணியிலேயே வாடை இருந்தால் விரலிடுக்குகளையும் பாதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். நாலாவது, அஞ்சாவது விரலுக்கு நடுவே தோல் வெளுத்து உரிந்து அரித்தால் அது பூஞ்சைத் தொற்று. குளோட்ரிமசோல் களிம்பை டாக்டரோ மருந்தாளுநரோ சொல்லும் காலம் முழுக்கப் போட வேண்டும், அரிப்பு நின்றதும் நிறுத்தினால் திரும்பும். குதிகாலிலும் முன்பாதத்திலும் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள், தண்ணீரில் ஊறினால் வெள்ளையாகத் தெரிபவை, அவற்றோடு கடுமையான நாற்றம் என்றால் அது பாக்டீரியா தோலைத் தின்பது. பூஞ்சைக் களிம்பு அதற்குப் பிடிக்காமல் போகலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டுக்குமே வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம்.

தொற்று இல்லை, வியர்வைதான் அதிகம் என்றால் நாட்டுமருந்துக்கடைப் படிகாரம் உதவும். 1 லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி பொடி, 10 நிமிடம் கால் வைத்துவிட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். தோலில் வெடிப்பு இருந்தால் எரியும்.

காயவைப்பதில்தான் கோட்டை விடுகிறோம்

மேலே சொன்ன எல்லாக் கழுவலுக்கும் இது பொது. இன்சோலையும் ஷூவையும் எப்போதும் தனித்தனியாகக் காயவையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி மூக்குவரை திணித்து, அரை மணியில் மாற்றுங்கள். அடுத்து ஒரு மணி, அடுத்து இரண்டு மணி. ஈரத்தாளை ராத்திரி முழுக்க உள்ளே விட்டால் அதுவே மக்கிவிடும். தாள் நனைவது நின்றபின் ஷூவைப் படுக்கவைத்து, வாய்க்குள் காற்றுப் போகும்படி டேபிள் ஃபேனைத் திருப்புங்கள். கோடையில் எட்டு மணி நேரத்தில் காயும். சாரல் நாளில் ஒரு முழு நாளுக்கு மேலும் ஆகும். ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றுதான் உள்ளே வரும், ஃபேனோடு அறையை மூடி வைத்து, பழைய ஃபிரிட்ஜின் பின்பக்க வெதுவெதுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது காய்ந்தது என்று தெரிய சமையலறைத் தராசு போல நம்பகமானது எதுவும் இல்லை. நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஒரு ஷூவின் எடையை இன்சோல் இல்லாமல் நிறுத்து, நாக்கின் உட்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுங்கள். கழுவியபின் எடை அந்த எண்ணுக்குத் திரும்பினால்தான் பஞ்சுக்குள் தண்ணீர் இல்லை. 20 கிராம் கூடுதல் என்றால் ஏறத்தாழ 20 மில்லி தண்ணீர் எங்கோ ஒளிந்திருக்கிறது.

வெயிலில் வைத்தால் கிருமி சாகும் என்பது பாதி உண்மை. ஒளி மேற்பரப்பைத் தாண்டாது. சூடு மட்டும் பசையைத் தொடும். வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் சூடு 60 டிகிரியை எளிதாகத் தாண்டும், அடித்தகடு பிரிந்து வாய் பிளக்கும். ஹேர் டிரையருக்கும் வாஷிங் மெஷினுக்கும் இதே கண்டிப்பு. ஃப்ரீசரில் வைப்பதில் பயனில்லை, குளிரில் பாக்டீரியா உறங்கும், வெளியே எடுத்தால் எழுந்துகொள்ளும். அந்த ஃப்ரீசரில் இட்லிமாவும் இருக்கிறது என்பது தனி விஷயம். அந்துருண்டையை ஷூவுக்குள் போடவே வேண்டாம், அதன் ஆவி நல்லதல்ல, குழந்தைகள் கையில் பட்டால் ஆபத்து. சென்ட் அடித்தால் சென்ட்டும் நாற்றமும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும். தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் பைகள், காய்ந்து சுத்தமான ஷூவில் மிச்ச வாடையை இழுக்கும். ஈர ஷூவில் அவற்றாலும் ஆகாது. அடுப்புக்கரிக்கு அந்த அளவு உறிஞ்சும் சக்தி இல்லை.

வாரத்துக்கு நாலு நாள் மிதிப்பவர்கள் இன்சோலை மட்டுமாவது இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். பழையதைக் காகிதத்தில் வைத்து வரைந்து, புதியதை அதே அளவுக்கு வெட்டினால் போதும். புதியது பழையதைவிடத் தடிமனாக இருந்தால் மேல்பாதம் அழுத்தும், அதை மட்டும் கவனியுங்கள்.

குதிகால் உள்துணி கிழிந்து மஞ்சள் ஃபோம் வெளியே தெரிகிறதா? கிழிசல் வழியாக வியர்வை நேராக உள்ளே இறங்கும். பெர்கார்பனேட் ஊறல் இரண்டு முறை கொடுத்தும் பை சோதனையில் வாடை வந்தால் அந்த ஷூவில் இனி பணமும் நேரமும் போட வேண்டாம். கிளீட், போல்ட், மரைத்தகடு, டயல், நல்ல நிலையில் இருந்தால் வெல்க்ரோ கொக்கி வரை கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, ஷூவைத் தூக்கிப் போடுங்கள்.